விற்ற கதையைத் திரும்ப எடுக்கலாமா?

திருவள்ளூரை ஒட்டிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998-ல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் வெளிவரத் தொடங்கின. பின்னால் பஜேரோவும் அங்கிருந்து வந்தது. லான்சர் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தத் தொழிலிலிருந்தே ஒதுங்கிவிட்டது. அதே வளாகத்தில் இன்று சிட்ரோன் கார்கள் தயாராகின்றன. இத்தனை கை மாறிய பிறகும், பழைய லான்சர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் போய், தயாரிப்பு நின்றுவிட்டது, வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம்தான். புதுப்பேட்டையில் தேட வேண்டும்; கிடைக்காததை லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். ஆனாலும் வண்டி அவருடையது. கம்பெனி போனாலும் பொருள் தங்கும் என்பது திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிற விஷயம். இன்று இந்தப் பகுதியின் இளைஞர்கள் காசும் நேரமும் கொடுத்து வாங்குகிற ஒரு சரக்கில் மட்டும் அது செல்லுபடியாவதில்லை.

அந்தச் சரக்கு, ஆன்லைனில் ஆடும் கதை விளையாட்டு. ‘டெஸ்டினி 2’ என்ற அமெரிக்க விளையாட்டு 2017 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தபோது, அதன் அடிப்படைக் கதையின் பெயர் ‘ரெட் வார்’. அடுத்தடுத்துக் கூடுதல் கதைகளும் காசுக்கு விற்கப்பட்டன. 2020 நவம்பரில் விளையாட்டைத் தயாரித்த பங்கி நிறுவனம் ரெட் வாரையும் அதற்கு அடுத்த இரண்டு கூடுதல் கதைகளையும் விளையாட்டிலிருந்தே எடுத்துவிட்டது. 2022 பிப்ரவரியில் ‘ஃபர்சேக்கன்’ என்ற இன்னொரு கதையும் போயிற்று. விளையாட்டின் அளவு பெருத்துவிட்டது, பழைய பகுதிகளைப் பராமரிக்க முடியவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் விளைவு எங்கே போய் நின்றது என்று பாருங்கள். ரெட் வார் தன் எழுத்திலிருந்து திருடப்பட்டது என்று 2024-ல் ஓர் எழுத்தாளர் லூசியானாவில் வழக்குப் போட்டார். வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய பங்கியால் தன் சொந்தக் கதையை நீதிமன்றத்தில் ஓட்டிக் காட்ட முடியவில்லை. பழைய நிரல் இன்றைய அமைப்பில் இயங்காது என்று சொல்லி, யூடியூப் காணொளிகளையும் ரசிகர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் சான்றாகக் கொடுத்தது. வெளியார் தயாரித்தவற்றை ஏற்க முடியாது என்று சொன்ன நீதிபதி, 2025 மே மாதம் அந்த மனுவை நிராகரித்தார். விற்றவரிடமே சரக்கு இல்லை. வாங்கியவரிடம் இருப்பதற்கு வழியே கிடையாது.

இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. கதை விளையாட்டுகளை ஆடுபவர்கள் அவற்றை உருவாக்கும் நிறுவனங்களிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பரவலாக உண்டு. பாதி உண்மை அதில் இருக்கிறது. கதை இப்படித்தான் போக வேண்டும், இந்தப் பாத்திரம் சாகக் கூடாது என்று நிறுவனத்துக்குக் கட்டளையிட ஆடுபவருக்கு உரிமை இல்லை. ஆனால் விற்ற கதை விற்ற நிலையில் இருக்க வேண்டும், அது எத்தனை நாள் இருக்கும் என்று வாங்கும் முன்பே தெரிய வேண்டும், முடிக்கும்போது நிறுவனம் முறையாக முடிக்க வேண்டும் என்று கேட்பது வேறு வகை. ஒருவர் காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கும்போது சும்மாவே கூட வருகிற எதிர்பார்ப்பு அது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ரசிகர்களின் அடம்’ என்று பெயர் சூட்டிவிடுவதால் லாபம் நிறுவனங்களுக்கு மட்டும்தான்.

இந்த வகை விளையாட்டைப் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஆர்பிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இவற்றில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தைத் தானே உருவாக்கி, பெயர் வைத்து, அதன் வழியாக ஒரு நெடுங்கதைக்குள் நடமாடுகிறார். கதை தவணை தவணையாக வரும். முடிவு, விற்கிற அன்று விற்பவரிடமே இருக்காது. கதையும் பாத்திரமும் ஆடுபவரின் போனில் இல்லை, எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கின்றன. 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, கம்ப்யூட்டர் வாங்கவே யோசிக்கிற வீடுகளுக்கும் இத்தகைய விளையாட்டுகள் போன் வழியாக வந்து சேர்ந்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும், தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை இருக்கும் தொழிற்பூங்காவிலும், காக்களூர் எஸ்டேட்டிலும் ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிற வயதுதான் இந்த விளையாட்டுகள் குறிவைக்கிற வயது.

ஷிஃப்ட் என்ற சொல் இங்கே முக்கியமாகிறது. 2020 செப்டம்பரில் வெளிவந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ என்ற சீன நிறுவனத்தின் விளையாட்டு, சுமார் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆடித் தீர்க்க வேண்டிய ஈவென்ட்கள் உண்டு. சிலவற்றில் கதையும் கலந்தே வரும். 2021 கோடையில் ‘தங்க ஆப்பிள் தீவுக்கூட்டம்’ என்ற முழுத் தீவுப் பகுதி ஒன்று வந்தது. பதிப்பு முடிந்ததும் மறைந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு தடவை தலைகாட்டி மறுபடி மறைந்தது. அங்கே நடந்ததைப் பாத்திரங்கள் பிற்பாடு நினைவுகூரலாம். புதிதாக வந்தவர் அங்கே போக முடியாது. வாரத்துக்கு வாரம் பகலும் இரவுமாக மாறும் வேலையில் இருப்பவருக்கு, ஓவர்டைம் விழும் மாதத்தில், இந்த ஆறு வாரக் கெடு என்பது கதையின் ஒரு அத்தியாயத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். நாவலைப் பாதியில் மூடிவைத்து மூன்று மாதம் கழித்துத் திறந்தால் நடுப்பக்கங்கள் அப்படியே இருக்கும். இங்கே இருப்பதில்லை. நேரம் குறைவாக உள்ளவரிடம் அவசரத்தை விற்பது ஒரு வியாபார உத்தி. அதைக் கதை சொல்லும் கலையின் இயல்பு என்று சொல்லி நம்மை நம்பவைக்க முடியாது.

எதிர்பார்ப்பு யாரால் பிறக்கிறது என்ற கேள்விக்கு ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ நல்ல சாட்சி. பயோவேர் நிறுவனம் 2011 டிசம்பரில் வெளியிட்ட இந்த விளையாட்டு, தன்னைப் போன்ற பிறவற்றில் இல்லாத ஒன்றைச் சொல்லி விற்றது. எட்டு வகைப் பாத்திரங்கள். எட்டுக்கும் தனித்தனி முழுக்கதை. எல்லா உரையாடலுக்கும் நடிகர்களின் குரல். இரண்டு லட்சம் வரிக்கு மேல் குரல்பதிவு செய்ததற்காகக் கின்னஸ் சாதனையும் கிடைத்தது. முதல் மூன்று நாளில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் சந்தாதாரர்கள் குறைந்து, 2012 நவம்பரில் இலவசமாக ஆடும் முறை வந்தது. எட்டுக் கதைகளும் தொடராமல் எல்லோருக்கும் பொதுவான ஒற்றைக் கதையாகச் சுருங்கின. 2023-ல் விளையாட்டே பிராட்ஸ்வோர்ட் என்ற வேறு நிறுவனத்தின் பொறுப்புக்குப் போனது. இன்றும் அது உயிரோடிருக்கிறது, புதிய கதைத் துண்டுகளும் வருகின்றன. அதைப் பாராட்டியாக வேண்டும். ஆனால் என் பாத்திரத்தின் தனிக்கதை எங்கே என்று பழைய ஆட்டக்காரர் கேட்டால் அது பேராசை ஆகாது. அந்தத் தனிக்கதையைக் காட்டித்தான் அவரை உள்ளே அழைத்தார்கள்.

சரி, கதையின் போக்கில் ஆடுபவருக்குப் பேச்சே கிடையாதா? இதைத் தமிழ் வார இதழ் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு தொடராக வந்து முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டார் என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கல்கி கதையை மாற்றவில்லை. ஒரு முடிவுரை எழுதினார். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் சொன்னார். 1954 டிசம்பரில் அவர் மறைந்தபோது பாதியில் நின்ற ‘அமரதாரா’வை மகள் ஆனந்தி எழுதி முடித்தார். தொடர்கதை என்ற வடிவத்தில் வாசகரோடு போடப்படும் ஒப்பந்தத்தின் இரண்டு ஷரத்துகளும் இங்கே இருக்கின்றன. கதை ஆசிரியருடையது. அதை அந்தரத்தில் விடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஆசிரியர் தரப்பின் பொறுப்பு. வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்துவைத்த வீடுகளில் அந்தக் கதை, பத்திரிகை அலுவலகத்தின் தயவை எதிர்பார்க்காமல் தலைமுறை தாண்டியும் இருந்தது என்பது தனி.

2012-ல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ வெளிவந்தபோது ஏறக்குறைய இதே காட்சி, பன்மடங்கு சத்தத்தோடு. அது பெரும்பாலும் தனியாக ஆடும் விளையாட்டுத்தான்; ஆனால் மூன்று பாகங்களில் ஆடுபவர் எடுத்த முடிவுகள் எல்லாம் கடைசியில் கணக்கில் வரும் என்று சொல்லி வளர்க்கப்பட்டது. முடிவு ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லும்படி இருக்காது என்று வெளியீட்டுக்கு முன் இயக்குநரே பேட்டி கொடுத்திருந்தார். வந்ததோ, நிறம் மட்டும் மாறிய மூன்று முடிவுகள். எதிர்ப்பு கிளம்பியது. ரசிகர்கள் பணம் திரட்டிக் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்துக்கு எண்பதாயிரம் டாலர் கொடுத்தார்கள். ஒருவர் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தார். இது கொஞ்சம் அதிகம்தான். பயோவேர் அந்த ஜூன் மாதம் விரிவான முடிவு ஒன்றை இலவசமாக வெளியிட்டது. முடிவின் சாரத்தை மாற்றவில்லை. விட்டுப்போன விளக்கங்களைச் சேர்த்தது. கல்கியின் முடிவுரைக்கு இதைவிட நெருங்கிய உறவுக்காரர் இல்லை. ரசிகர்கள் வென்றார்கள் என்றோ கலைஞர்கள் பணிந்தார்கள் என்றோ இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சொன்ன சொல்லுக்கும் கொடுத்த பொருளுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தை நிறுவனம் ஓரளவு நிரப்பியது, அவ்வளவே.

ஆடுபவர்கள் தரப்பின் அசிங்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே 2012-ல் பயோவேரின் பெண் எழுத்தாளர் ஒருவர் சொல்லக் கூசும் வசவுகளுக்கும் மிரட்டல்களுக்கும் ஆளானார். பங்கி ஊழியர் ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தொல்லை கொடுத்த ஆள் மீது நிறுவனம் வழக்குப் போட்டு, 2023-ல் ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு பெற்றது. இப்படிப்பட்டவர்களுக்கு வாடிக்கையாளர் என்ற பெயரே பொருந்தாது. கதை எழுதுகிறவரும் படம் வரைகிறவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிற தொழிலாளிகள். எந்தப் பகுதியை எடுப்பது, சர்வரை எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கிற இடத்தில் அவர்கள் இல்லை. ஆலையில் விலை ஏறியதற்கு வாசலில் நிற்கும் காவலாளியைத் திட்டுவது போன்ற காரியம் இது. ஆனால் வசைபாடுகிற சிலரைக் காட்டி, வரிசையில் நின்று ரசீதோடு கேள்வி கேட்கிற பலரின் வாயை அடைப்பதும் நடக்கிறது.

முறையாக நடந்துகொள்ள முடியுமா, அதற்கு வியாபாரத்தில் இடமிருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் பதில் வைத்திருக்கிறது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ 2010 செப்டம்பரில் வெளிவந்து படுதோல்வி அடைந்தது. நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். சந்தா வாங்குவதை நிறுத்திவைத்தார். அந்த டிசம்பரில் பொறுப்பு நவோகி யோஷிதா என்பவரிடம் தரப்பட்டது. அவர் எடுத்த முடிவு விசித்திரமானது. பழைய விளையாட்டை ஓட்டிக்கொண்டே புதியதை அடியிலிருந்து கட்டுவது. பழையதை மூடும் நாளைக் கதையாகவே ஆக்கிவிடுவது. விளையாட்டின் வானத்தில் ஒரு செந்நிலவு மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11 அன்று அது உடைந்து, உள்ளிருந்த அரக்கன் வெளிப்பட்டு உலகத்தை எரிக்க, சர்வர்கள் நின்றன. 2013 ஆகஸ்டில் புது விளையாட்டு வந்தபோது அந்த அழிவுக்கு ஐந்தாண்டுக்குப் பிந்தைய உலகமாக அது தொடங்கியது. பழையவர்களின் பாத்திரங்கள் கூடவே வந்தன. விசுவாசமாக இருந்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலில் இடம்பிடித்தன. இன்று உலகின் பெரிய ஆன்லைன் ஆர்பிஜிகளில் ஒன்று அது. 2021 டிசம்பரில் ‘எண்ட்வாக்கர்’ பகுதி வந்தபோது சர்வர்கள் தாங்கவில்லை. ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்கள். நிறுவனம் மொத்தம் 21 நாள் சந்தாவை இலவசமாகத் தந்ததோடு, விளையாட்டின் விற்பனையையே சில வாரம் நிறுத்தியது. இடம் இல்லாத பேருந்தில் டிக்கெட் கிழிக்க மாட்டோம் என்கிற அந்த நேர்மை, லாபத்தைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

எதிர்த் திசையிலும் உதாரணங்கள் உண்டு. 2005 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ கூடுதல் பகுதி ஒன்றை விற்ற கையோடு, விளையாட்டின் அடிப்படையையே தலைகீழாக்கும் மாற்றத்தை அறிவித்தது. எழுந்த கோபத்தில் அந்தப் பகுதிக்குக் காசைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. 2019-ல் பயோவேர் வெளியிட்ட ‘ஆந்தம்’ சரியாகப் போகவில்லை. 2020 பிப்ரவரியில் முழுதாகச் சீரமைப்போம் என்று வாக்களித்து, சரியாக ஓராண்டில் அந்த வேலையைக் கைவிட்டார்கள். தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்ற அமைப்பில் கட்டப்பட்ட விளையாட்டு அது. 2026 ஜனவரி 12 என்று நாள் குறித்து மூடிய பிறகு அதன் கதையை ஆடிப் பார்க்க வழியில்லை. சின்னதாக, முழுதாக ஒரு கதையைச் சொல்லி முடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதையைச் சொல்லும் ‘வெண்பா’ 2023 ஜூலையில் டொராண்டோவின் விசை கேம்ஸிடமிருந்து வந்தது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருதை வென்றது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். காலத்துக்கும் தொடரும் என்ற வாக்குறுதியை அது தரவில்லை. அதனால் மீறவும் இல்லை.

நிறுவனங்கள் வைக்கும் வலுவான ஆட்சேபம் செலவு. ஆயிரம் பேர்கூட ஆடாத விளையாட்டுக்கு எத்தனை ஆண்டு மின்கட்டணம் கட்டுவது? நியாயமான கேள்வி, ஆனால் கேட்கப்பட்டது அதுவல்ல. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் விற்ற ‘தி க்ரூ’ கார் பந்தய விளையாட்டில் தனியாக ஆடும் கதையும் இருந்தது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியபோது அந்தக் கதையும் சேர்ந்து செத்தது. அதையொட்டி ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கம், சர்வரை நிரந்தரமாக ஓட்டச் சொல்லவில்லை. கைவிடும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுப்போங்கள் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம், ரசிகர்களின் சர்வர்களில் பாதுகாப்பு இருக்காது, சட்டவிரோத உள்ளடக்கத்தைத் தடுக்க முடியாது, பழி உரிமையாளர் தலையில் விழும் என்று பதில் சொன்னது. பெருங்கூட்டம் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்கு இது ஓரளவு பொருந்தும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் முடியாத காரியமா என்றால், இல்லை. 2004-ல் வந்து 2012-ல் மூடப்பட்ட ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ விளையாட்டை ரசிகர்கள் தாங்களே சர்வர் வைத்து ஓட்டினார்கள். 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களில் ஒரு குழுவுக்கு முறையான உரிமமே கொடுத்தது. ‘தி க்ரூ’ பிரச்சினை சூடானதும், அதன் அடுத்த பாகங்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யூபிசாஃப்ட் 2024-ல் அறிவித்தது. அழுத்தம் வந்தபோது வழி பிறந்திருக்கிறது.

இந்தியாவில் சர்வரை அணைத்தது பெரும்பாலும் அரசாங்கம்தானே, நிறுவனத்தைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். 2020 செப்டம்பர் 2-ல் தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜி மொபைல் பெயரெடுத்தது. அதே பட்டியலில் ‘ஏஎஃப்கே அரீனா’ போன்ற பாத்திரம் வளர்க்கும் விளையாட்டுகளும் இருந்தன. பப்ஜியின் இடத்துக்கு 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் முடக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது. நாட்டின் பாதுகாப்பு என்ற காரணத்தை எடைபோட நமக்கு இங்கே இடமில்லை. ஆனால் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள க்ராஃப்டன் நிறுவனம் வழி வைத்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தடைக்கு நடுவிலும் வாடிக்கையாளர் சேர்த்ததைக் காப்பாற்றித் தர முடிந்திருக்கிறது. தடையே இல்லாத இடத்தில் முடியாது என்றால் எப்படி நம்புவது?

தமிழ்நாட்டில் ஆன்லைன் விளையாட்டு என்றாலே ரம்மியும் தற்கொலையும்தான் பேச்சு. அதற்குக் காரணம் இருக்கிறது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த 2022-ம் ஆண்டுச் சட்டமும், 2025 பிப்ரவரியில் வந்த நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான தடை விதியும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியவை. உயர் நீதிமன்றம் அந்த விதிகளை 2025 ஜூனில் உறுதிசெய்தது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை முழுதாகத் தடைசெய்யும் சட்டத்தையே நிறைவேற்றியது. உயிர் போகிற பிரச்சினை இருக்கும்போது கதை போன கவலை ஆடம்பரம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சட்டத்தின் பார்வை சூதாட்டத்தோடு நின்றுபோனதில் ஒரு விபரீதம் உண்டு. காசு வைத்து ஆடாத விளையாட்டுகள் எல்லாம் நல்லவை என்ற கணக்கில் விட்டுவிடப்படுகின்றன. கென்ஷின் போன்றவற்றில் விரும்பிய பாத்திரத்தைப் பெற, என்ன வரும் என்று தெரியாத குலுக்கலுக்குக் காசு கட்டும் முறை இருக்கிறது. கெடு முடிவதற்குள் கட்ட வேண்டும். பரிசாகப் பணம் திரும்பி வராததால் அது சூதாட்டத்துக்கான சட்டத்தின் பிடியில் எளிதில் விழாது. கதை மீதுள்ள ஆசைதான் அங்கே தூண்டில்.

கடைசி ஆட்சேபம், எல்லா நிறுவனங்களும் முதலில் நீட்டுவது: நிபந்தனைகளில் எல்லாம் எழுதியிருக்கிறது, நீங்கள் சம்மதம் அழுத்தினீர்கள். வாங்கியது விளையாட்டை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தைத்தான் என்று, ‘தி க்ரூ’ மூடப்பட்டதை எதிர்த்துக் கலிஃபோர்னியாவில் போடப்பட்ட வழக்கில் யூபிசாஃப்ட் வாதிட்டது. அப்படியானால் பொத்தானில் ‘வாங்கு’ என்று ஏன் எழுதினீர்கள் என்று அந்த மாநிலமே கேட்டுவிட்டது. 2025 ஜனவரி 1 முதல், உரிமத்தை விற்பவர் அது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என அங்கே சட்டம். இந்தியாவில் அதற்கு இணையான விதி இல்லை. ஆனால் நம்மிடம் இருப்பது வேறொரு வகையில் கூர்மையானது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அனுமதிக்கும் ஷரத்தை நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், எந்தப் பகுதியையும் நிறுத்துவோம் என்று எழுதி வைத்துக்கொள்ளும் விளையாட்டு நிறுவனங்கள் இந்த வரியை ஒருமுறை படிப்பது நல்லது. வெளிநாட்டு நிறுவனம் என்பதும் தப்பிக்கும் வழி அல்ல. இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் அயல்நாட்டு மின்வணிக நிறுவனங்களுக்கும் 2020-ம் ஆண்டு விதிகள் பொருந்தும். தகராறை நடுவர் மன்றத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் சொல்லியிருக்கிறது.

புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ கொடுக்கலாம். சேவைக் குறைபாடு என்றால் கும்மிடிப்பூண்டியில் இருப்பவருக்குத் திருவள்ளூர் மாவட்ட ஆணையம் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆனால் 499 ரூபாய்க்கு வாங்கிய கதைத் துண்டுக்காக ஒரு நாள் சம்பளத்தை இழந்து யார் படியேறுவார்கள்? ஏறினாலும் காசு திரும்பக் கிடைக்கலாமே தவிர, அணைந்த சர்வர் எரியாது. ஆகவே இதைத் தனியாளின் வழக்காக விடாமல், விற்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அதில் உண்டு. சந்தாவில் மாட்டிவைப்பது உண்டு. குறைந்தது இத்தனை ஆண்டு இயங்கும், நிறுத்தினால் இன்ன நிலையில் உங்களிடம் இருக்கும் என்று சொல்லாமல் சர்வரை நம்பிய கதையை விற்பதைப் பதினான்காவதாகச் சேர்க்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. நெறிமுறை வெளியிடும் அதிகாரம் ஆணையத்திடமே இருக்கிறது.